விரலுக்கு ஐயாயிரம்

பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம் உட்கார்ந்திருப்பதற்கு விலை பதினைந்தாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய். இது அருப்புக்கோட்டை விலை. மதுரையில் கூடுதலாக இருக்கலாம், நான் விசாரிக்கவில்லை. கொடுத்தவர் லிங்கம் அண்ணாச்சி, எட்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரர். கொடுக்கிறபோது கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஏழு வருஷம் கழித்து நான் கணக்குப் போட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. கேட்டுவிட்டு மனுஷன் விலையில் ஒரு காசு குறைக்கக்கூடச் சொல்லவில்லை. நூல் கட்டுக்கு நாலணா ஏறினால் கத்தித் தெருவையே கூட்டிவிடுகிறவர் அவர்.

விலை போடாமல் எனக்கு எதையும் பார்க்க வராது. வளர்ந்த வீடு அப்படி. அப்பாவுக்குப் பருத்திக் கமிஷன். பெரியப்பா திருச்சுழிப் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகர். நான் பிறந்தபோது மருத்துவச்சி பத்து ரூபாய் கேட்டாளாம். பிள்ளை கறுப்பு, எடையும் பத்தாது என்று சொல்லி எட்டுக்கு முடித்த பிறகுதான் என்னைக் கையில் வாங்கியிருக்கிறார்கள். அம்மா இதை யாரிடமும் பெருமையாகவே சொல்வாள். அப்படி வளர்ந்துவிட்டு, பேரமே பேச முடியாத சரக்கை விற்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். தபாலாபீஸ் சேமிப்பு, இன்சூரன்ஸ், ஃபண்டு என்று பை நிறையப் பாரங்களோடு அலைகிற ஏஜென்ட். வட்டி சர்க்கார் வைத்தது, விலை கம்பெனி வைத்தது. பேரம் பேச மிஞ்சியது என்னுடைய கமிஷன் ஒன்றுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1992-ஆம் வருஷம் மார்ச் மாதம். லிங்கம் அண்ணாச்சி வருமான வரியில் மாட்டியிருந்தார். மாட்டியது அவராகத் தேடிப்போய். நாலு தறியை எட்டாக்க பேங்கில் லோன் கேட்டார். வருமானத்தைக் காட்டுங்கள் என்றார் மேனேஜர். அண்ணாச்சியும் கல்யாண வீட்டில் நகை காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். லோன் கிடைத்தது. அடுத்த வருஷம் அந்தக் காகிதமே வரிக்கும் சாட்சியாக வந்து நின்றது. ஆடிட்டர் சௌந்தரபாண்டியன்தான் வழி சொன்னார்: மாதம் முடிவதற்குள் ஐம்பதாயிரத்தை ஓய்வுகாலக் கணக்கு ஒன்றில் போட்டால் வரியில் பத்தாயிரம் கழியும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதுவரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பத்தொன்று.

"நம்ம துட்ட நாமளே தொடக் கூடாதா? இதுக்குப் பேரு சேமிப்பா, ஜெயிலா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஜெயில்தான் அண்ணாச்சி. ஆனா உள்ள இருக்கிறப்ப துட்டு குட்டி போடும்."

ஒரு ஃபண்டு கம்பெனி நடத்துகிற கணக்கு அது. உள்ளே இரண்டு அறை. ஒன்று ஷேர் ஃபண்டு: கம்பெனிகளின் ஷேர்களில் போடுவார்கள், ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். மற்றது பத்திர ஃபண்டு: கடன் பத்திரங்களில் போடுவார்கள், வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம்போல நிதானமாக வரும். எந்த அறையில் எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

அந்த ஐம்பதாயிரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் மற்ற சொத்தெல்லாம் தறியாகவும் நூலாகவும் லோனாகவும் இருந்தது. ரொக்கம் என்று கையில் நின்றது அது ஒன்றுதான். தறிச் சத்தத்தில் அவருக்கு இடது காது பாதி போயிருந்தது. ஐம்பத்தெட்டுக்கு மேலும் தறிக்குள்ளேயே கிடந்தால் வலது காதும் போய்விடும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே மகள் வேணியை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மருமகன் நல்ல பையன்தான். ஆனாலும் மருமகன் வீட்டு வாசலில் போய் நிற்க அண்ணாச்சி தயாராக இல்லை. ஐம்பத்தெட்டில் தறியை நிறுத்த வேண்டும், அதற்கப்புறம் இந்தப் பணத்து வட்டிதான் கஞ்சிக்கு. பணம் போனால் காதும் போகும்.

இது எல்லாம் தெரிந்துதான் நான் ஒரு மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு அவர் தறிக்கூடத்துக்குப் போனேன். நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. எட்டுத் தறியும் வாயை மூடிக்கொண்டு நின்றன. தறிக்காரர்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சி பாவு நூல் பொதியின்மேல் உட்கார்ந்து பீடி தேடிக்கொண்டிருந்தார். உள்வாசல் பக்கம் அவர் மனைவி சௌடேஸ்வரி மதினி, சிக்கிப்போன நூலை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற கை அது. பேசிக்கொண்டே சிக்கெடுக்கும், பேச்சிலும் நூலிலும் ஒரு இழை அறுக்காது.

கரண்ட் இல்லாததால் அன்றைக்குப் பேசிய ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அதுதான் வினையாகிவிட்டது.

இரண்டு விளம்பரத் தாள்களையும் எடுத்து வைத்தேன். பச்சைத் தாள் ஷேர், காவித் தாள் பத்திரம். அண்ணாச்சி முதலில் காவியை எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே முகத்தைச் சுளித்தார்.

"என்னலே இது? வருசத்துக்குப் பன்னெண்டாம்! கிழட்டுப் பசுவக் கொண்டாந்து நிறுத்திட்டு, லட்சணத்தப் பாருன்னு சொல்லுத."

"பால் கறக்குற பசு அண்ணாச்சி."

"கறக்கும், கறக்கும். ஏழு வருசங் கழிச்சு கறக்கும். அதுக்குள்ள ஊர்ல பாதிப்பேரு ஷேருல துட்டுப் பண்ணி மாடி கட்டிருவான். ஞானையா வாத்தியார் என்ன சொல்லுதாரு தெரியும்ல? ஆறு மாசத்துல ரெட்டிப்பு!"

அந்த மார்ச்சில் ஊர் அப்படித்தான் இருந்தது. ஞானையா வாத்தியார் சர்ச் முடிந்து வரும்போதே கையில் பேப்பரை மடித்து ஷேர் விலைப் பக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். ஷேர் ஃபண்டு பாரங்களுக்கு மதுரையில் கறுப்பு விலை. வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர் பஸ் ஏறி வந்து என்னிடம் பத்துப் பாரம் கேட்டார். எதற்கு என்று கேட்டால், "விக்கிறதுக்கு" என்றார். ஷேரை வாங்குகிறவர்களைவிட பாரத்தை விற்கிறவர்களுக்கு லாபம் நிச்சயம் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

"அப்போ பூராவும் ஷேருலயே போட்டுருவோமா?" என்றேன்.

"போடுவோம். போடத்தான போறோம். இந்தக் கிழட்டுப் பசுவ எவன் பிடிப்பான்? சும்மா குடுத்தாலும் தீவனத்துக்குக் கட்டாது." காவித் தாளை உதறினார். "ஒருவேள ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். இதத்தான் வாங்கணும்னு வந்தா, உனக்கு என்ன கமிசன்?"

"நூத்துக்கு ரெண்டு."

"ஆயிரம் ரூவா! எங்க வீட்டுக் காப்பியும் உனக்கு, ஆயிரமும் உனக்கா? பாதிய இங்கிட்டுத் தள்ளு, யோசிப்போம்."

"ஷேருல எனக்கு நூத்துக்கு மூணு அண்ணாச்சி."

"பாத்தியா, நல்ல மாட்டுக்கு மூணு, சொத்த மாட்டுக்கு ரெண்டு. கம்பெனிக்காரனே சொல்லிட்டான் இது சொத்தைன்னு!"

இதை வெளியூர்க்காரர் கேட்டால் அண்ணாச்சிக்குப் பத்திரம் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார். எங்கள் பெரியப்பாவோடு சந்தையில் சுற்றியவனுக்கு அப்படித் தோன்றாது. ஒரு மாட்டின்மேல் ஆசை வைத்தவன் அதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத் திட்டுவான், கொம்பைத் திட்டுவான், நடையைத் திட்டுவான். திட்டுகிற நேரமெல்லாம் கயிறு அவன் கையில் இருக்கும். அண்ணாச்சி பேசப் பேச நான் காவித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் தாள் காற்றில் பறந்து தறிக்கு அடியில் போய்க் கிடந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காவித் தாளைத் திட்டித் திட்டி, நாலாக மடித்து, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சரி, அரைக் கமிஷனுக்கு முடிந்துவிடும் என்று நான் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் உள்வாசலில் இருந்து குரல் வந்தது.

"தம்பி, பூராவும் ஷேருலயே எழுதிக்கிடுங்க."

சௌடேஸ்வரி மதினி நூல் சிக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றார்.

அண்ணாச்சி வாயில் வைத்த பீடி பற்றவைக்காமலே நின்றது. "என்ன சொல்லுத?"

"ஷேருலயே போடுங்கங்கிறேன். ஊரே போடுதுல்ல."

"உனக்கு அதான் வேணுமா?"

"ஆமா. எனக்கு அதான் வேணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், மறுபடி மதினியைப் பார்த்தார். பிறகு, கைக்கு வந்த மாட்டைக் கயிற்றோடு அடுத்தவனிடம் கொடுக்கிற மாதிரி, தொடைக்கு அடியிலிருந்து காவித் தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"உன் மதினி சொல்லிட்டால்ல. எழுதுலே."

"அண்ணாச்சி..."

"எழுதுங்கிறேன்ல. கல்யாணம் பண்ணி இருவத்தெட்டு வருசத்துல இவ வாயத் தெறந்து ஒரு பொருள் வேணும்னு கேட்டதில்ல. சேல வேணுமான்னா இருக்கதே போதும்பா. மொதமொதலாக் கேட்டிருக்கா. எழுது."

எனக்கு அதில் ஆயிரத்தைந்நூறு கமிஷன். பேனா திறந்துதான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று இடறியது. கீரைக்கட்டு வாங்கினாலே மதினி ஒன்பது கேள்வி கேட்பார்: எப்போ அறுத்தது, எந்தக் கிணத்துத் தண்ணி, நேத்து ஏன் சின்னக் கட்டா இருந்துச்சு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி கேட்காமல் வாங்குகிறவர் தனக்காக வாங்கவில்லை என்று அர்த்தம்.

"ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"தனியா என்ன பேச்சு? இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றார் மதினி.

அவர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். வெளியாள் முன்னால் ஒளிவாகப் பேச வேண்டுமானால் சட்டென்று கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். என் முன்னால் மட்டும் அது செல்லாது. அந்தத் தெருவில் வியாபாரம் பண்ணிப் பண்ணி எனக்குக் கன்னடத்தில் எண்கள் எல்லாம் அத்துப்படி. வேறு எதுவும் தெரியாது. வேறு எது தேவை? அது அவர்களுக்கும் தெரியும்.

எனவே பெரியப்பாவை நினைத்துக்கொண்டு, தோளில் கிடந்த என் துண்டை எடுத்தேன். புதுத் துண்டு. பதினெட்டு ரூபாய்.

"துண்டு போட்டுப் பேசிருவோம்" என்றேன்.

"என்னது?"

"மாட்டுச் சந்தையில எப்படிப் பேசுதாக? வாயத் தெறக்காம, துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு. அப்படி. விரலுக்கு ஐயாயிரம், பத்து விரலுக்கு ஐம்பதாயிரம். பத்திரத்துக்கு எத்தன விரலோ அத்தன பிடிங்க, மிச்சம் ஷேருக்கு. அஞ்சுக்கு மேல போனா உள்ளங்கைய ஒரு அழுத்து அழுத்திட்டு மறுபடி மொதல்லருந்து பிடிக்கணும். சம்மதம்னா கைய இறுக்கிப் பிடிச்சுக்கிடணும். விட்டா பேரம் முறிஞ்சிரும்."

மதினி சிரித்துவிட்டார். "என்ன கொழுந்தனாரே, என்னய மாடாக்கிட்டீக."

"மாடு இல்ல மதினி, வியாபாரி. மாடு வெளிய நிக்கும்."

"வயசான காலத்துல இது என்னலே கூத்து" என்று அண்ணாச்சி முனகினார். ஆனாலும் பொதியின்மேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மதினி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி விட்டு உட்கார்ந்தார். ரெண்டு பேரும் அடுத்தவர் ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி நேர் எதிரே பார்த்தார்கள். நான் துண்டை ரெண்டு கையின்மேலும் போட்டுவிட்டு, மரியாதைக்குத் திரும்பி நின்று, எண்ணெய் போட வந்தவன் போலத் தறிச் சக்கரத்தை ஆராய்ந்தேன். எனக்கு வைத்திருந்த காப்பியையும் எடுக்கவில்லை. பேரம் நடக்கிறபோது தரகன் வாயை அசைக்கக் கூடாது என்பார் பெரியப்பா.

சந்தையில் இந்தப் பேரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஒருவன் மேலேயிருந்து இறங்குவான், ஒருவன் கீழேயிருந்து ஏறுவான், நடுவில் எங்கேயாவது இடித்துக்கொள்வார்கள். துண்டு ரெண்டு பக்கமும் இழுபடும். இங்கே துண்டு இழுபடவே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு அசைவு, கொஞ்சம் நிதானம், மறுபடி ஒரு அசைவு. அண்ணாச்சியின் புருவம் மேலே போனது. அவர் மதினியைப் பார்த்தார். மதினி தறியைப் பார்த்தார். அடுத்த அசைவுக்கு மதினியின் புருவம் போனது. வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் தைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தறிகளைத் தட்டிவிட, எட்டும் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தன. தரை அதிர்ந்தது. வந்தவர்களில் ஒருவன் முதலாளியம்மா முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். நான் கண்ணைக் காட்டி அவனை விரட்டினேன். பொதியின்மேல் இருந்த ரெண்டு பேருக்கும் கரண்ட் வந்ததே தெரியவில்லை. துண்டின் அசைவு நின்று ரொம்ப நேரம் ஆகியும் துண்டு கீழே விழவில்லை. நடுவில் விட்டிருந்த இடைவெளி எப்போது காணாமல் போனது என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

காப்பியில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில் நான்தான் தொண்டையைச் செருமினேன். அந்தச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் போய்த் துண்டைத் தொட்டேன்.

மதினி என் காதுக்கருகே வந்து கத்தினார். "ஏழு!"

"ஏழு பத்திரமா?"

"ஏழு பத்திரம், மூணு ஷேரு! எழுதுங்க!"

முகம் கல்யாணப் பெண் மாதிரி சிவந்திருந்தது. அண்ணாச்சி பீடி பற்றவைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தைந்தாயிரம் பத்திரம், பதினைந்தாயிரம் ஷேர் என்று எழுதி, செக்கை வாங்கிப் பைக்குள் வைத்தேன். வாசலைத் தாண்டப் போகும்போது அண்ணாச்சி பின்னாலேயே வந்து, "கமிசன்ல ஐநூறு" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அந்தக் குழப்பத்தில் துண்டை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஷேர் மார்க்கெட் விழுந்தது. என்ன ஊழல், யார் பண்ணியது என்பதெல்லாம் பேப்பரில் வந்தது. ஞானையா வாத்தியார் சர்ச்சுக்குப் பேப்பர் கொண்டுபோவதை விட்டுவிட்டு பைபிள் மட்டும் கொண்டுபோக ஆரம்பித்தார். வீரசோழன் வியாபாரி மட்டும் எப்போதும்போல நன்றாக இருந்தார். நான் பயந்து பயந்து தறிக்கூடத்துப் பக்கம் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தூக்கி மூன்று விரலை மடக்கிக் காட்டினார். தறி ஓடுகிறபோது வாயால் பேச முடியாது, அங்கே எல்லாமே கைஜாடைதான். 'ஷேர் மூணு விரல் என்னாச்சு?' என்று அர்த்தம். நான் விரலைக் கீழே இறக்கிக் காட்டினேன். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, மிச்சம் ஏழு விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தார்.

அதிலிருந்து அந்த வீட்டில் ஷேருக்குப் பெயரே மூணு விரல்தான். தெருவில் பார்த்தால் மதினி கேட்பார், "என்ன தம்பி, மூணு விரலு வீங்கிருக்கா, வத்திருக்கா?" வீக்கமும் வற்றலுமாக வருஷங்கள் போயின. எந்த வருஷமும் அவர்கள் முகத்தில் கவலையைப் பார்த்ததில்லை. ஏழு விரல் நிதானமாக வளர்ந்துகொண்டிருந்தது.

1999 மார்ச்சில் அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு. கணக்கு முடிந்து பணம் வந்த வாரமே எட்டுத் தறியையும் காளிராஜ் என்பவர் விலைக்கு வாங்கி லோடு ஏற்றிக்கொண்டு போனார். நான் கணக்குச் சீட்டோடு போனபோது தறிக்கூடம் காலியாக, தரையில் போல்ட் ஓட்டைகளோடு கிடந்தது. வலது காது காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் முப்பது வருஷம் தறிக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைகள் அல்லவா, ரெண்டு பேரும் இன்னும் அதே சத்தத்தில்தான் பேசிக்கொண்டார்கள். 'காப்பி வேணுமா' என்பதே கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"மொத்தம் தொண்ணூத்தி நாலாயிரத்து எழுநூத்திப் பதினாலு" என்றேன். "ஏழு விரல் எழுபத்தேழாயிரத்து முந்நூத்தி எழுவத்தி நாலு. மூணு விரல் பதினேழாயிரத்து முந்நூத்தி நாப்பது."

அண்ணாச்சி கணக்கில் புலி. "பதினஞ்சாயிரம் ஏழு வருசத்துல பதினேழாயிரந்தானா? அதையும் பத்திரத்துல போட்டிருந்தா?"

"முப்பத்தி மூவாயிரத்துச் சொச்சம். பதினஞ்சாயிரத்து எண்ணூத்தி இருவது ரூவா நட்டம்."

அவர் மதினி பக்கம் திரும்பினார். குரலில் குற்றம் இல்லை, ஏதோ பரிசைக் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தது. "பரவால்ல விடு. நீ ஆசப்பட்டுக் கேட்ட, மூணு விரலாச்சும் உனக்கு விட்டேன்லா. அது போதும்."

மதினி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கா? நான் எப்ப ஷேரு கேட்டேன்?"

"கேக்கல? இதே எடத்துல நின்னு, எனக்கு அதான் வேணும்னியே!"

"நீங்கதான பத்திரத்தக் கிழட்டுப் பசு, சொத்த மாடுன்னு கிழிகிழின்னு கிழிச்சீக! ஷேருமேல அம்புட்டு ஆச வச்சிருக்காக போலன்னுதான் சொன்னேன். எனக்கு ஷேருன்னாலே ஆகாது! மூணு விரலு உங்களுக்காகத்தான் விட்டேன்!"

"அடியே, நான் திட்டுனது இவன் கமிசனக் குறைக்க!"

ரெண்டு பேரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டில் கதவு திறந்தது. பிறகு ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பேரத்தில் ஏமாந்தால் தரகனைப் பார்ப்பது சந்தை வழக்கம்.

"துண்டுக்குள்ள என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டேன். ஏழு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நான் ரெண்டு பிடிச்சேன். ஷேருக்கு ஆசப்படுதா, எட்டு விரலு அதுக்கு விடுவோம்னு."

"நான் நாலு பிடிச்சேன்" என்றார் மதினி. "எனக்குப் பயம். பாதிக்குப் பாதியாச்சும் வந்துராதான்னு."

"நாலு பிடிக்காளே, பரவால்லையேன்னு நான் அஞ்சுக்குப் போனேன்."

"அவுக அஞ்சுன்னதும் எனக்குத் தைரியம் வந்து ஆறு."

"நான் ஏழு."

"அதுக்கு மேல கேட்டா அவுக ஆசைக்கு ஒண்ணும் மிஞ்சாதேன்னு, நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி, அந்த வீட்டில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில்.

எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே பக்கமாக ஏறிப்போய், உச்சிக்கு மூணு படி கீழே அடுத்தவருக்காக நின்றுவிட்ட பேரத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் தரகுக் கூலி வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, வாசல் தாண்டுமுன் திரும்பி வந்து வாங்கிக்கொண்டிருப்பார்.

"அப்ப இந்தப் பதினஞ்சாயிரத்து எண்ணூத்திச் சொச்சம் எந்த வகையில எழுதுறது?" என்றேன்.

"கை பிடிச்ச வகையில எழுது" என்றார் மதினி, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே.

அண்ணாச்சி மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்லாத முதல் கணக்கு. உள்ளே போன மதினி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். துடைத்த துணியை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நிறம் போய், ஓரம் நைந்து, நடுவில் ஒரு மஞ்சள் கறை. என் துண்டு.

"மதினி, அது என்னோடது..."

"இதுவா? இத ராசியான துண்டுன்னு வச்சிருக்கேன் தம்பி. தர மாட்டேன்."

"புதுசு ஒண்ணு எடுத்துக் குடுங்க. தறி ஓட்டுன வீடுதான?"

"நாங்க சேலதான நெய்தோம்" என்றார் அண்ணாச்சி. "துண்டு வேணும்னா கடையில வாங்கு. விலையக் கொறச்சுக் கேளு, குடுப்பான்."

வீட்டுக்கு வந்து கணக்கை எழுதினேன். எல்லாம் ஷேரில் போட்டிருந்தால் வந்திருக்கும் தொகை ஐம்பத்தேழாயிரத்து எண்ணூறு. துண்டு போட்டதால் காப்பாற்றியது முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. எல்லாம் பத்திரத்தில் போட்டிருந்தால் கூடுதலாக வந்திருக்கும் தொகை, கை பிடித்த வகையில் செலவு, பதினைந்தாயிரத்து எண்ணூற்று இருபது. அண்ணாச்சிக்குத் திருப்பிக் கொடுத்த கமிஷன் ஐநூறு, கணக்கு நேர். லிங்கம், சௌடேஸ்வரி தம்பதியிடமிருந்து எனக்கு வரவேண்டியது: துண்டு ஒன்று, அசல் பதினெட்டு ரூபாய், ஏழு வருஷம் பன்னிரண்டு சதவீத வட்டியோடு முப்பத்தொன்பது ரூபாய் எண்பது காசு. பாக்கி.